ஒரு பாட்டு, இரண்டு சாவி: நைக்கி விளம்பரத்தில் பீட்டில்ஸ்

1987 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு ஷூ விளம்பரம் வரத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். யாரோ கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு விசேஷத்தை எடுத்த மாதிரி காட்சிகள் ஆடுகின்றன, படபடவென்று மாறுகின்றன. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் வருகிறார், டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ வருகிறார், நடுநடுவே பெயர் தெரியாத சாதாரண ஆட்களும் ஓடுகிறார்கள். பின்னால் துணியைக் கிழிப்பது போல ஒரு கிட்டார். அதன் மேல் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஜான் லெனனின் அலறல்.

லெனன் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

பாட்டு 'ரெவல்யூஷன்'. பீட்டில்ஸ் தங்கள் சொந்தக் குரலில் பதிவு செய்த ஒரு பாட்டு அமெரிக்க டிவி விளம்பரத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. நான்கு மாதத்தில் வழக்கு வந்தது. கேட்ட தொகை 1.5 கோடி டாலர்.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஒரு பக்கம் கலை, இன்னொரு பக்கம் காசு, நடுவில் புனிதமான ஒரு பாட்டு மாட்டிக்கொண்டது. வழக்கின் காகிதங்களைப் பற்றி வந்த செய்திகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. நைக்கி அந்தப் பாட்டைத் திருடவில்லை. சட்டம் கேட்ட இரண்டு அனுமதியையும் முறையாக வாங்கி, இரண்டுக்கும் பணம் கட்டியது. அப்படி நேர்மையாகப் போனதால்தான் மாட்டிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். எப்படி என்று பார்ப்போம்.

பாட்டின் பூர்வீகம்

1968 தொடக்கத்தில் பீட்டில்ஸ் ரிஷிகேஷில் இருந்தார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானமும் பாட்டெழுதுவதுமாகப் போன வாரங்கள் அவை. இந்தப் பாட்டின் விதை விழுந்தது அங்கேதான். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு மே மாதத்தில் பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். வியட்நாம் போர் வேறு. ராக் பாடகர்கள் எந்தப் பக்கம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், லெனன் எழுதிய பாட்டு ஏறக்குறைய இப்படிச் சொன்னது: உலகத்தை மாற்ற எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் அடித்து நொறுக்குவதைப் பற்றிப் பேசினால் என்னைச் சேர்க்காதே.

இடதுசாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனில் 'பிளாக் டுவார்ஃப்' என்ற பத்திரிகை லெனனுக்கு ஒரு திறந்த மடல் வெளியிட்டது. அவரும் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். முதலில் மெதுவாகப் பதிவு செய்த வடிவத்தில், என்னைச் சேர்க்காதே என்று பாடிய கையோடு சேர்த்துக்கொள் என்றும் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார். மனிதருக்கே குழப்பம்.

விளம்பரத்தில் வந்தது அந்த மெதுவான வடிவம் இல்லை. 1968 ஜூலையில் ஆபி ரோடு ஸ்டுடியோவில் வேகமாகப் பதிவு செய்த இன்னொன்று. கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொண்டுபோகாமல் நேராக மிக்சிங் மேசையில் சொருகி, தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றிவிட்டார் பொறியாளர் ஜெஃப் எமெரிக். கருவி கெட்டுப்போகும் என்று எந்த மேற்பார்வையாளரும் திட்டக்கூடிய வேலை. அந்தக் கரகரப்பு அப்படித்தான் பிறந்தது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இருபது வருடம் கழித்து ஒரு விளம்பரக்காரருக்குத் தேவைப்பட்டது இந்தக் கரகரப்புதான். மெட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். இந்தச் சத்தத்தை வாசிக்க முடியாது.

ஆகஸ்டில் 'ஹே ஜூட்' இசைத்தட்டின் பின்பக்கமாக இது வந்தது. பீட்டில்ஸ் சொந்தமாகத் தொடங்கிய ஆப்பிள் லேபிளில் அவர்களுடைய முதல் சிங்கிள் அதுதான். (இந்த ஆப்பிள் வேறு, கம்ப்யூட்டர் செய்யும் ஆப்பிள் வேறு. அந்த இரண்டு ஆப்பிளும் அடித்துக்கொண்டது தனிக்கதை.)

பூட்டும் சாவியும்

ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்துரிமை உண்டு. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஒருவர் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னொன்று. முதலாவதைப் பாட்டு வெளியீட்டு உரிமை என்பார்கள், தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது வெறும் 'பப்ளிஷிங்'. இரண்டாவது 'மாஸ்டர்'. படத்திலோ விளம்பரத்திலோ காட்சியோடு ஒரு பாட்டை ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு கதவையும் தட்ட வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. மாஸ்டர் கிடைக்கவில்லை, அல்லது விலை அதிகம் என்றால், பப்ளிஷிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு ஆளை வைத்துப் பாடவைத்துக்கொள்ளலாம். ஒரு சாவியோடு வேலை முடிந்தது. 1985இல் ஃபோர்டின் லிங்கன்-மெர்க்குரி கார் விளம்பரத்தில் பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' பாட்டு வந்தது. பாடியது பீட்டில்ஸ் இல்லை, அவர்களைப் போலப் பாடுகிறவர்கள். முணுமுணுப்பு இருந்தது. இந்த அளவுக்கு வெடிக்கவில்லை.

சரி, 1987இல் அந்த இரண்டு சாவியும் யாரிடம் இருந்தன? பாடியவர்களிடம் இல்லை. சிக்கலின் வேரே அதுதான்.

பப்ளிஷிங் கைமாறிய விதம் பரிதாபமானது. 1963இல் லெனனும் குழுவின் பால் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களுக்காக டிக் ஜேம்ஸ் என்ற வெளியீட்டாளரோடு சேர்ந்து 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற கம்பெனி தொடங்கினார்கள். பையன்களுக்கு வயது இருபதை ஒட்டி. நீட்டிய இடத்தில் கையெழுத்து. 1965இல் அரசுக்குக் கட்டும் வரியைக் குறைக்கும் யோசனையில் அந்தக் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது. 1967இல் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இறந்துபோனார். 1969 மார்ச்சில் டிக் ஜேம்ஸ் தன் பங்கை லூ கிரேடின் ஏடிவி நிறுவனத்துக்கு விற்றார். லெனன் அப்போது தேனிலவில் இருந்தார், செய்தித்தாள் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. கட்டுப்பாட்டைப் பிடிக்க இருவரும் போராடினார்கள், முடியவில்லை. கடைசியில் தங்கள் பங்குகளையும் ஏடிவிக்கே விற்றுவிட்டு வெளியே வந்தார்கள்.

அப்புறம் வருகிறார் மைக்கேல் ஜாக்சன். எண்பதுகளின் தொடக்கத்தில் மெக்கார்ட்னியும் அவரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டு உரிமைகளை வாங்கிப்போடுவது எவ்வளவு நல்ல முதலீடு என்று அவருக்கு எடுத்துச்சொன்னதே மெக்கார்ட்னிதான். மெக்கார்ட்னி ஏற்கெனவே ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாடல்கள் உட்பட நிறைய வாங்கி வைத்திருந்தார். ஜாக்சன் பாடத்தை நன்றாகக் கேட்டுக்கொண்டார். 1985 ஆகஸ்டில் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ராபர்ட் ஹோம்ஸ் அ கோர்ட்டிடமிருந்து ஏடிவி மியூசிக்கை 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். அதில் சுமார் 4,000 பாடல்கள், பீட்டில்ஸ் பாடல்கள் மட்டும் 250 அளவில். தான் எழுதிய பாட்டை எந்த விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் தன் நண்பனிடம் போனதை மெக்கார்ட்னி கடைசிவரை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜாக்சனைக் குறை சொல்வதும் சரியாக இருக்காது. தன்னுடைய 'பில்லி ஜீன்' மெட்டுக்கே வரியை மாற்றி 1984இல் பெப்சிக்குப் பாடியவர் அவர். விளம்பரம் அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. சொந்தப் பாட்டுக்கே இல்லாத தீட்டு வாங்கிய பாட்டுக்கு எங்கிருந்து வரும்?

இரண்டாவது சாவி, அதாவது மாஸ்டர், இஎம்ஐ நிறுவனத்திடமும் அதன் அமெரிக்கக் கிளையான கேபிடல் ரெகார்ட்ஸிடமும் இருந்தது. (நமக்கெல்லாம் இஎம்ஐ என்றால் மாதத் தவணைதான் ஞாபகம் வரும். பீட்டில்ஸுக்கும் அவர்களிடமிருந்து பணம் தவணை தவணையாகக்கூட ஒழுங்காக வரவில்லை என்பது புகார்.) ராயல்டி கணக்கில் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆப்பிள் 1979லேயே இந்தக் கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தது. அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நைக்கி வந்து கதவைத் தட்டியது.

ஷூ கம்பெனிக்கு என்ன அவசரம்

எண்பதுகளின் நடுவில் நைக்கிக்கு நேரம் சரியில்லை. ஏரோபிக்ஸ் மோகம் அமெரிக்காவைப் பிடித்தபோது பெண்களுக்கென்று மெல்லிய தோல் ஷூ கொண்டுவந்து ரீபாக் முன்னால் போய்விட்டது. 1986 நிதியாண்டில் சுமார் 107 கோடி டாலராக இருந்த நைக்கியின் விற்பனை அடுத்த ஆண்டில் 87.7 கோடிக்கு இறங்கியது.

மீண்டு வர அவர்கள் நம்பியது காற்றை. அடிப்பாகத்தில் காற்றுப் பை வைக்கும் நுட்பம் எழுபதுகளின் இறுதியிலிருந்தே அவர்களிடம் உண்டு. ஆனால் வெளியே தெரியாத பொருளை வாங்குகிறவன் எப்படி நம்புவான்? கட்டடக் கலைஞராக இருந்து ஷூ வடிவமைப்புக்கு வந்த டிங்கர் ஹாட்ஃபீல்டு, பாரிஸில் உள்ள பாம்பிடு மையத்தைப் பார்த்தவர். குழாய்களையும் குடலையும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிற கட்டடம் அது. அதே மாதிரி ஷூவின் குதிகாலில் ஒரு சன்னல் வெட்டிக் காற்றுப் பையை வெளியே காட்டினார். அதுதான் ஏர் மேக்ஸ். 1987 மார்ச் 26இல் கடைக்கு வந்தது.

விளம்பரம் செய்தது போர்ட்லண்டைச் சேர்ந்த வைடன்+கென்னடி. 1982இல் தொடங்கிய சின்ன ஏஜென்சி. 'ஜஸ்ட் டூ இட்' என்ற வாசகம் அவர்கள் கையிலிருந்து வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. படத்தை எடுத்தவர்கள் பவுலா கிரீஃப், பீட்டர் கேகன் இருவரும். ஷூவில் புரட்சி, அதற்குப் 'புரட்சி' என்றே ஒரு பாட்டு. யோசனை என்று பார்த்தால் பள்ளிக்கூட நாடகத்தில் வருகிற மாதிரியான நேரடிப் பொருத்தம்தான். படத்தைக் காப்பாற்றியது சத்தம்.

போலிக்குரல் அவர்களுக்கு வேண்டாம், அசல்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று வந்த செய்திகளின்படி ஓராண்டு உரிமைக்கு நைக்கி கொடுத்தது 5 லட்சம் டாலர். பாதி கேபிடலுக்கு, பாதி ஜாக்சனின் பப்ளிஷிங் பக்கத்துக்கு. இரண்டு சாவியும் கைக்கு வந்தன. லெனனின் மனைவி யோகோ ஓனோவும் சம்மதித்தார். லெனனின் பாடல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைவிட இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் காதில் விழுவது நல்லது என்பது அவர் நிலை. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

வழக்கு

1987 ஜூலை இறுதியில் ஆப்பிள் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது. எதிர்த் தரப்பில் நைக்கி, ஏஜென்சி, கேபிடல், இஎம்ஐ எல்லோரும். ஜாக்சன் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் சாவியில் குற்றம் காண இடமே இருக்கவில்லை.

குற்றச்சாட்டின் சாரம், பீட்டில்ஸ் என்ற அடையாளத்தையும் நற்பெயரையும் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு பொருளை விற்கப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது. சனங்கள் என்ன நினைப்பார்கள்? பீட்டில்ஸே இந்த ஷூவுக்கு ஆதரவு என்றுதானே? ஸ்னீக்கரோ பீரோ பெண்களின் காலுறையோ, எதை விற்கவும் பாட்டுப் பாடுகிறவர்கள் இல்லை பீட்டில்ஸ் என்று அவர்களுடைய வழக்கறிஞர் பத்திரிகைகளிடம் சொன்னார். அந்தப் பாடல்கள் கலைஞர்களாக எழுதிப் பதிவு செய்தவை, கூவி விற்க எழுதியவை இல்லை என்பது வாதம்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு மத்திய அரசின் காப்புரிமைச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கத் தொடங்கியது 1972 பிப்ரவரி 15 முதல் பதிவானவற்றுக்குத்தான். 1968இல் பதிவான இந்தப் பாட்டின் மாஸ்டர் அந்தச் சட்டத்துக்கு வெளியே, மாநிலச் சட்டத்தின் கீழ் நின்றது. அதனால்தான் வழக்கு காப்புரிமையைவிட அடையாளம், நற்பெயர், ஒப்பந்தம் என்ற தளத்தில் நடந்தது.

கேபிடல் சொன்ன பதில் கூர்மையானது. ஆப்பிளின் பங்குதாரரும் இயக்குநருமான யோகோ ஓனோவே தீவிரமாக ஆதரித்த ஒரு விஷயத்துக்கு ஆப்பிள் எப்படி எங்கள் மேல் வழக்குப் போடும் என்று கேட்டார்கள். நைக்கி தரப்போ, உரிமை வைத்திருக்கிற எல்லோரிடமும் கேட்டு எல்லோருக்கும் பணம் கொடுத்துவிட்டோம், இது ஆப்பிளுக்கும் ரெகார்டு கம்பெனிக்கும் இடையிலான பழைய பகை, நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம் என்றது. எனக்கு நைக்கி மேல் தனிப்பட்ட பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. பல வருட ராயல்டிச் சண்டை இல்லாவிட்டால் இந்த வழக்கு இவ்வளவு ஆவேசமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதே சமயம் ஆப்பிள் தரப்பின் கோபம் வெறும் பணக் கோபம் என்றும் தள்ளிவிட முடியாது. பீட்டில்ஸின் இன்னொரு உறுப்பினரான ஜார்ஜ் ஹாரிசன் அந்த வருடம் ஒரு பேட்டியில், இதை இப்போது நிறுத்தாவிட்டால் பீட்டில்ஸ் பாடிய ஒவ்வொரு பாட்டும் பெண்களின் உள்ளாடைக்கும் சாசேஜுக்கும் விளம்பரமாகப் போகும் என்றார். மெக்கார்ட்னி, டிஸ்னியும் கோக்கும் பெரிய பெரிய தொகைகளோடு எங்களிடம் வந்தன, நாங்கள் தொடவில்லை என்ற பொருளில் பேசினார். தான் வேண்டாமென்று மறுத்த பணத்தை இன்னொருவர் தன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்.

பாட்டுக்குள்ளேயே ஒரு கசப்பான வேடிக்கையும் இருந்தது. என்னைச் சேர்க்காதே என்று பாடிய மனிதனை, அவன் இல்லாதபோது சேர்த்துக்கொண்டார்கள்.

1988 மார்ச்சில், தொடங்கி ஒரு வருடத்தில், நைக்கி அந்த விளம்பரங்களை நிறுத்திக்கொண்டது. அந்த நிதியாண்டில் விற்பனை 120 கோடி டாலருக்கு ஏறியிருந்தது. விளம்பரத்தால் மட்டும் வந்த ஏற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. ஷூ நன்றாக இருந்தது, ஜோர்டான் பறந்துகொண்டிருந்தார். வழக்கோ நீதிமன்றத் தீர்ப்பைப் பார்க்கவே இல்லை. 1989 நவம்பரில் ஆப்பிளுக்கும் இஎம்ஐ-கேபிடலுக்கும் இடையே இருந்த எல்லா வழக்குகளும் ஒரே மூட்டையாகச் சமரசத்தில் முடிந்தன, நைக்கி வழக்கும் அதற்குள் அடங்கிப்போனது. நிபந்தனைகள் ரகசியம்.

ஆக, அசல் ஒலிப்பதிவை உரிமையாளரிடம் வாங்கி விளம்பரத்தில் போடுவது பாடகரின் நற்பெயரைத் திருடுவதாகுமா என்ற கேள்விக்கு இந்த வழக்கு பதில் சொல்லவே இல்லை. நடைமுறையில் மட்டும் ஒன்று மாறியது. அதற்கப்புறம் பீட்டில்ஸ் குரல் வேண்டுமென்றால் ஆப்பிளின் தலையசைப்பு இல்லாமல் காரியம் நடக்காது என்றாயிற்று.

போலிக்குரல் சந்தும் அடைபட்டது

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 'ஹெல்ப்!' பாட்டைப் போட்ட அதே லிங்கன்-மெர்க்குரி, அதே 1985 விளம்பர வரிசையில் பாடகி பெட் மிட்லரின் பாட்டு ஒன்றையும் போட நினைத்தது. யங் அண்ட் ரூபிகம் ஏஜென்சி அவருடைய ஆளைத் தொடர்புகொண்டபோது முடியாது என்று பதில் வந்தது. ஏஜென்சி சந்துக்குள் புகுந்தது. பப்ளிஷிங்கை முறையாக வாங்கிக்கொண்டு, மிட்லருக்குப் பின்னணி பாடிக்கொண்டிருந்த உலா ஹெட்விக்கையே கூட்டிவந்து, மிட்லர் மாதிரியே பாடு என்றார்கள். அவரும் பாடினார். கேட்டவர்கள் மிட்லர் என்றே நினைத்தார்கள்.

1988 ஜூனில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரபலமான ஒரு பாடகரின் தனித்துவமான குரலை ஒரு பொருளை விற்பதற்காக வேண்டுமென்றே நகலெடுப்பது தவறு என்றது. அடுத்த வருடம் மிட்லருக்கு 4 லட்சம் டாலர் கிடைத்தது.

பாடகர் டாம் வெயிட்ஸ் போட்ட வழக்கு இதைவிடச் சுவை. விளம்பரக்காரர்களின் கூவலைக் கிண்டல் செய்து அவர் ஒரு பாட்டு எழுதியிருந்தார். 1988இல் டோரிட்டோஸ் சிப்ஸுக்கு ரேடியோ விளம்பரம் செய்த ஏஜென்சி, அந்தக் கிண்டல் பாட்டின் பாணியிலேயே, அவர் குரலைப் போலவே கரகரக்கும் ஒருவரை வைத்துச் சிப்ஸ் விற்றது. விளம்பரங்களில் பாடவே மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவந்தவர் வெயிட்ஸ். நடுவர் குழு சுமார் 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 1 லட்சம் டாலர் மட்டும் கழிந்தது.

இவற்றையும் நைக்கி வழக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், விளம்பர உலகம் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: போலிக்குரல் ஆபத்து, அசலைக் காசு கொடுத்து வாங்கு, பாடினவனையும் கேட்டுக்கொள். பழைய ராக் பாட்டுகளின் அசல் ஒலிப்பதிவுகள் தொண்ணூறுகளிலிருந்து விளம்பரங்களில் வழியத் தொடங்கியதற்கு, அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பையன்கள் கார் வாங்கும் வயதுக்கு வந்தது ஒரு காரணம் என்றால், இந்தத் தீர்ப்புகள் இன்னொரு காரணம். 1995இல் விண்டோஸ் 95க்கு ரோலிங் ஸ்டோன்ஸ். 2002இல் காடிலாக் காருக்கு லெட் செப்பலின். நைக்கியே 1992இல் லெனனின் தனிப்பாட்டான 'இன்ஸ்டன்ட் கர்மா'வை யோகோவின் அனுமதியோடு போட்டது. அதற்கு யாரும் வழக்குப் போடவில்லை.

சாவியைக் கையில் வைத்திருந்த கூட்டம்

காடிலாக் முதலில் போனது லெட் செப்பலினிடம் இல்லை, டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவிடம். அவர்கள் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும், பீட்டில்ஸ் கதையைக் கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பது போல இருக்கும்.

1968இல் பியூக் கார் கம்பெனி 'லைட் மை ஃபயர்' பாட்டுக்கு 75,000 டாலர் தருவதாகச் சொன்னது. குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் ஊரில் இல்லை. மற்ற மூவரும் சரி என்றுவிட்டார்கள். திரும்பி வந்த மாரிசன் கொதித்துப்போய், மேடையிலேயே சம்மட்டியால் ஒரு பியூக்கை அடித்து நொறுக்குவேன் என்றார். பேச்சு அத்தோடு நின்றது. அந்தக் குழுவில் வருமானம் நான்கு சமபங்கு, யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் காரியம் நடக்காது. பீட்டில்ஸைப் போல அவர்கள் தங்கள் அதிகாரத்தை இளவயதிலேயே விற்றுத் தொலைக்கவில்லை.

மாரிசன் 1971இல் இறந்தார். டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் அந்த மறுப்பைச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு முறை பிரிட்டனில் ஒரு டயர் விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்டு, கேட்டபோது மனம் ஒப்பாமல், தன் பங்கைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். காடிலாக் 1.5 கோடி டாலர் வரை போனது. ஆப்பிள் கேட்ட அதே தொகை, தற்செயல்தான். டென்ஸ்மோர் முடியாது என்றார். மற்ற இருவரும் வெறுத்துப்போனார்கள். பிறகு டோர்ஸ் என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்ற வழக்கில் எதிர்த்தரப்பு, இவ்வளவு பணத்தை வேண்டாம் என்றவர் குழுவுக்கு எவ்வளவு கேடு செய்தவர் பாருங்கள் என்றே வாதாடியது. நீதிமன்றம் டென்ஸ்மோர் பக்கம்தான் நின்றது.

இதே டோர்ஸ்தான் இயக்குநர் கொப்போலா தன் வியட்நாம் படமான 'அபோகலிப்ஸ் நௌ'வின் முதல் காட்சியில், காடு பற்றி எரியும்போது, தங்கள் 'தி எண்ட்' பாட்டைப் போட விட்டார்கள். சட்டப்படி படத்துக்கும் விளம்பரத்துக்கும் அதே இரண்டு சாவிதான், வித்தியாசமே கிடையாது. மனசுப்படி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். படம் பாட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. விளம்பரம் பாட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசத்தைக் கேட்கிறது. நான் இந்தப் பிரிவினையை முழுக்க நம்புகிறேனா என்றால், பாதி நம்புகிறேன். டிக்கெட் விற்பதும் விற்பனைதான்.

இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட தருணம் ஒன்று 2012இல் வந்தது. அறுபதுகளின் நியூயார்க் விளம்பரக்காரர்களைப் பற்றிய 'மேட் மென்' தொடருக்கு பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' அசல் பதிவு கிடைத்தது. அதற்குச் சுமார் 2.5 லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி. கதையின் பக்கங்களைக் காட்டித்தான் ஆப்பிளின் சம்மதத்தை வாங்கினார்கள். அந்த அத்தியாயத்தில் ஒரு வாடிக்கையாளர் தன் விளம்பரத்துக்கு பீட்டில்ஸ் மாதிரி பாட்டு வேண்டும் என்கிறார். கதாநாயகனுக்கு அந்தப் பேச்சே புரியவில்லை. இளம் மனைவி இசைத்தட்டை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போக, தனியாக உட்கார்ந்து கேட்கிறார், பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டு எழுந்துபோகிறார். ஒரு விளம்பரக்காரர் பீட்டில்ஸ் பாட்டை வேண்டாம் என்று நிறுத்தும் காட்சி. ஆப்பிள் சம்மதித்ததில் ஆச்சரியமில்லை.

முதல் சாவி மட்டும்

அசலுக்குக் காவல் பலமாகிவிட்டது. பப்ளிஷிங் அப்படியில்லை. 1995இல் ஜாக்சன் தன் ஏடிவியை சோனியோடு இணைத்தார். 2016இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, அவர் வாரிசுகளின் பாதிப் பங்கை சோனி 75 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 4.75 கோடிக்கு வாங்கிய சொத்து. மெக்கார்ட்னி சொன்ன முதலீட்டு யோசனை பிரமாதமானதுதான்.

இடையில் 2007இல், அமெரிக்காவின் லவ்ஸ் டயப்பருக்கு ஒரு விளம்பரம் வந்தது. லெனனின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்', கடைசி வார்த்தையில் டயப்பரின் பெயர். பாடியது வேறு ஆட்கள், ஆப்பிளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த வருடம் டார்கெட் கடைக்காரர்கள் 'ஹலோ குட்பை' பாட்டின் கடைசி வார்த்தையை மலிவு விலைக்கு ஏற்ற மாதிரித் திருத்திக்கொண்டார்கள். ஹாரிசன் 2001இலேயே போய்விட்டார். அவர் பயந்தது பெண்களின் உள்ளாடைக்கு. குழந்தைகளின் உள்ளாடை அவர் கணக்கில் இல்லை.

மெக்கார்ட்னி விடவில்லை. 1978க்கு முன் காப்புரிமை பெற்ற பாட்டு என்றால், 56 ஆண்டுகள் முடிந்ததும் அதன் அமெரிக்க உரிமையை எழுதியவர் திரும்பக் கேட்க அந்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பீட்டில்ஸின் முதல் சிங்கிள் வந்தது 1962இல். கணக்குப் போட்டால் 2018. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2017 ஜனவரியில், உரிமையைத் திரும்ப எடுக்கும்போது சோனி தகராறு செய்யக்கூடாது என்று நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஜூன் மாதக் கடைசியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்த நிபந்தனைகளும் ரகசியம்தான்.